கம்பியா, கெவ்லரா, ஸ்பெக்ட்ராவா, சுருள் கயிறா: ஃப்ளை ஃபிஷிங் ரிட்ராக்டரில் எது உழைக்கும்?

இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் மீன் பிடிக்கத் தடை. மார்ச்சில் தடை நீங்கியதும் போனால் தண்ணீர் விரலை மரத்துப் போகச் செய்யும். அந்தக் குளிரில், கக்கத்தில் ராடை (தூண்டில் கோலை) இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் ஃப்ளையும் (பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்) பல்லிடுக்கில் டிப்பெட்டுமாக (அதைக் கட்டும் மெல்லிய நுனி நூல்) நிற்கும்போது, நூல் வெட்டும் நிப்பர் எங்கே என்று தேட முடியாது. நெஞ்சருகே தொங்கவேண்டும், இழுத்தால் வரவேண்டும், விட்டால் திரும்பிப் போகவேண்டும். சாமானை நூலில் தொங்கவிட்டுத் தானே உள்ளிழுக்கும் ரிட்ராக்டருக்கு இந்த ஒரு வேலைதான்.

அங்கே ஒரு முறை, மீன் வாயிலிருந்து முள்ளை எடுக்கும் இடுக்கியான என் ஃபோர்செப்ஸ் ஆற்றோடு போய்விட்டது. ரிட்ராக்டர் முழுதாகத்தான் இருந்தது, நூலும் அறவில்லை. நுனியிலிருந்த சின்ன கிளிப் மட்டும் வாய் திறந்து கிடந்தது. அடுத்து வந்த பிரவுன் ட்ரவுட் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தது. வெறும் விரலால் எடுக்க முயன்று, அந்த மீனைத் தேவைக்கு மேல் நேரம் பிடித்து வைத்திருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது. அதன்பிறகுதான் இந்தச் சின்னச் சாமானை ஒழுங்காகக் கவனிக்கத் தொடங்கினேன்.

மலிவான வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அலுவலகத்தில் ஐடி கார்டு மாட்டும் ரீலும் அதுவும் ஒரே சாமான்: பிளாஸ்டிக் வில்லை, உள்ளே கடிகார ஸ்பிரிங் போல ஒரு தகடு, மெல்லிய நைலான் நூல். சில கிராம் எடையுள்ள கார்டுக்கு அது போதும். ஆற்றில் ஒரு சீசன் தாண்டினால் பெரிய விஷயம். ஸ்பிரிங் சாதாரண எஃகு என்றால் ஈரம் பட்டதும் துருப்பிடித்து, பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது எஃகுக் கம்பி. கடையில் பார்த்தவுடன் கை தானாக அதற்குத்தான் போகும், என் கையும் அப்படித்தான் போனது. ஆனால் கம்பி அறுவது இழுப்பதால் அல்ல, வளைவதால். ரிட்ராக்டருக்குள் உள்ள உருளை மிகச் சின்னது. ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி அந்தச் சின்ன வட்டத்தில் சுற்றி நிமிர்கிறது. நாளடைவில் உள்ளிழை ஒன்று முறியும், மேலே பூசிய நைலான் வெடிக்கும், முறிந்த நுனி முள்ளாகக் குத்தும். ஒரு தடவை மடங்கிய இடம், கம்பி வெளியே வரும் துளையில் சிக்கிக்கொண்டே இருக்கும். கம்பி வாங்குவதென்றால் பல மெல்லிழைகளை முறுக்கிய கம்பியும் பெரிய வில்லையும் பாருங்கள். சாவிக்கொத்துக்காக 1948-இல் வந்த கீ-பேக் பாணி சங்கிலி ரிட்ராக்டருக்கு இந்த வளைவுத் தொல்லை குறைவு. ஆனால் அது கனம், வெயிலில் மின்னும், சத்தம் போடும். தெளிந்த தண்ணீரில் ட்ரவுட்டை நெருங்கும்போது நான் அதை மாட்டமாட்டேன்.

உண்மையான போட்டி கெவ்லருக்கும் ஸ்பெக்ட்ராவுக்கும் இடையில்தான். டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் கண்டுபிடித்த இழை கெவ்லர். அது நீளாது, சூட்டில் உருகாது. தீயணைப்பு வீரரின் சாவிக்கு அது அருமை, ஆற்றுக்கு வேறு கணக்கு. கெவ்லருக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது: மஞ்சள் நூல் மெல்லப் பழுப்பாகும், பலமும் குறையும். திரும்பத் திரும்ப மடங்கி உரசினால் பஞ்சு பஞ்சாகப் பிரியும். ஸ்பெக்ட்ரா பாலிஎத்திலீன் வகை இழை. தண்ணீரை உறிஞ்சாது, வழுவழுப்பு அதிகம் என்பதால் துளையில் உரசினாலும் தேய்வு குறைவு. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதற்கு 0.97, அதனால் மிதக்கும். கெவ்லர் 1.44. ஸ்பெக்ட்ரா சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், ஆனால் ஆற்றில் அந்தச் சூடு எங்கே வரப்போகிறது? வழுவழுப்பால் முடிச்சு நழுவும் என்பது மட்டும் உண்மையான குறை. இரட்டை முடிச்சுப் போட்டு நுனியைக் கொஞ்சம் நீளமாக விடவேண்டும். வெயிலில் நாள் முழுக்கத் தொங்கும் சாமானுக்கு என் ஓட்டு ஸ்பெக்ட்ராவுக்கே. ஸ்கூபா முக்குளிப்பவர்களுக்காகத் தொடங்கிய கியர் கீப்பர் பிராண்டு தன் ரிட்ராக்டர்கள் பலவற்றில் இந்த இழையைப் போடுகிறது. உள்ளே புகுந்த மணலைத் தண்ணீரால் அலசி வெளியேற்றும் வழியும் அதில் உண்டு. மணல் ஏன் முக்கியம் என்றால், பிளாஸ்டிக் துளையில் ஒரு மணல் துகள் பதிந்துவிட்டால் எந்த நூலையும் அது ரம்பம் போல அறுத்துவிடும். வாங்கும் முன் துளையின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிர் தட்டினால் அது வேண்டாம்.

நூலுக்கு அப்புறம் ஸ்பிரிங்கின் இழுவிசை. அட்டையில் அவுன்ஸில் போட்டிருப்பார்கள், ஒரு அவுன்ஸ் 28 கிராம். முதலில் உங்கள் சாமானைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 25 கிராம் நிப்பருக்கு 8 அவுன்ஸ் ஸ்பிரிங் என்றால் விட்டதும் சுளீரென்று வந்து அடிக்கும், அந்த அடியில் ஸ்பிரிங்கின் பிடிமானமே தளரும். எடையைவிட விசை குறைந்தால் சாமான் பாதியில் ஊசலாடும், வீசும் நூலான ஃப்ளை லைன் போய் அதில் சுற்றிக்கொள்ளும். எடையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விசை இருந்தால் எனக்குச் சரியாக வருகிறது. மீனை அள்ளும் கைவலைக்கு எந்த ரிட்ராக்டரும் வேண்டாம். காந்தப் பூட்டும் ஒரு கயிறும் போதும்.

ஸ்பிரிங்கே இல்லாத சுருள் கயிறு? பழைய டெலிபோன் ஒயர் மாதிரி இருக்கும் பாலியூரித்தேன் சுருள். சுருண்டே கிடந்தாலும் நெஞ்சுக்குக் கீழே தொங்கும், அதுவும் லைனைப் பிடித்து இழுக்கும். சின்ன ஆற்றில் எனக்கு அது எரிச்சல்தான். ஆனால் முட்டுக்காடு கழிமுகத்தில் கொடுவாவுக்கு வீசப் போகும் நாளில் அதைத்தான் மாட்டுகிறேன். உப்புத்தண்ணீர் புகுந்து கெடுக்க அதற்குள் ஸ்பிரிங் கிடையாது. உப்பில் ரிட்ராக்டர்தான் வேண்டும் என்றால் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு வாங்குங்கள். கிளிப்பும் வளையமும் 316 ரகமாக இருக்கட்டும். அதில் மாலிப்டினம் இருப்பதால் வழக்கமான 304 ரக எஃகைவிட உப்பைத் தாங்கும்.

கிளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஆற்றில் தொலையும் சாமான்களுக்கு நூலைவிடக் கிளிப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கூடவே வந்த கிளிப்பைக் கழற்றிவிட்டு, இரட்டைச் சுற்று எஃகு வளையத்தை நேரே மாட்டினேன். சாமானை மாற்றுவது சிரமம்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் தொலையவில்லை. சட்டையில் குத்தும் பின் வகையையும் தவிர்க்கிறேன். ஆற்றில் இறங்கி நிற்கப் போடும் வேடிங் ஜாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அந்த வழியே வரும்.

இப்போது என் நெஞ்சில் இரண்டுதான் தொங்குகின்றன. நிப்பருக்குச் சின்ன ஸ்பெக்ட்ரா ரிட்ராக்டர், ஃபோர்செப்ஸுக்கு அதைவிட விசை கூடியது. இரண்டும் திருகாணி போட்டவை, நூல் தேய்ந்தால் திறந்து மாற்றலாம். ஒட்டி மூடியதில் அந்த வழி இல்லை. திறக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளிருக்கும் ஸ்பிரிங் சட்டென்று எகிறி முகத்துக்கு வரும். நாள் முடிந்ததும் நூலை முழுதாக வெளியே இழுத்து, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு கையால் மெல்ல உள்ளே விடுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.