பிரிட்டனில் இருந்துகொண்டு வெளிநாட்டு லைசென்ஸ் பந்தயத் தளத்தில் கணக்குத் திறக்கும் முன்

வெளிநாட்டு லைசென்ஸில் ஓடும் ஓர் ஆன்லைன் பந்தயத் தளம், எனக்குச் சேர வேண்டிய 2,300 பவுண்டுக்கும் மேலான பணத்தைத் தராமல் என் கணக்கை மூடிவிட்டது. நான் பிரிட்டனில் வசிப்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். கணக்குத் திறக்கும்போது என் வீட்டு முகவரியையும் போஸ்ட்கோடையும் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்தான். பவுண்டிலேயே பணம் கட்டச் சொன்னவர்களும் அவர்கள்தான். நான் தோற்ற வாரங்களில் அந்த முகவரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணத்தை வெளியே எடுக்கக் கேட்டதும் அதே முகவரியைக் காட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குதிரைப் பந்தயமோ கால்பந்தோ பார்த்துச் சின்னதாகப் பெட் கட்டுகிற நம் ஆட்கள் பலர் இப்போது இந்த மாதிரித் தளங்கள் பக்கம் போகிறார்கள். போகிற காரணமும் எனக்கு நன்றாகப் புரிகிறது. இங்கே லைசென்ஸ் உள்ள கம்பெனிகளில் கொஞ்ச காலம் லாபத்தில் இருந்தால் போதும், நம்முடைய பெட்டின் அளவைக் குறைத்துவிடுவார்கள். இருபது பவுண்டு கட்டப் போனால் ஒரு பவுண்டுக்கும் குறைவாகத்தான் ஏற்போம் என்று திரையில் வரும். எனக்கும் அதுதான் நடந்தது. எந்தப் பெட்டையும் மறுக்கும் உரிமை அவர்களுக்குச் சட்டப்படி உண்டு, அதனால் சண்டை போட்டும் பயனில்லை.

அதோடு சோதனைகளும் கூடிவிட்டன. ஒரு மாதத்தில், வெளியே எடுத்தது போக, கணக்கில் 500 பவுண்டுக்கு மேல் போட்டால் நம் நிதி நிலையைப் பற்றிய பொதுப் பதிவுகளைக் கம்பெனி பார்க்க வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்தது. 2025 பிப்ரவரி இறுதியில் அந்த எல்லை 150 பவுண்டாக இறங்கியது. ஸ்லாட் ஆட்டங்களில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுதான், 25 வயதுக்குக் கீழே என்றால் 2 பவுண்டுதான் என்ற கட்டுப்பாடும் அந்த ஆண்டே வந்தது. இதில் சலித்துப்போனவர்களைத்தான் வெளிநாட்டுத் தளங்கள் வலை வீசிப் பிடிக்கின்றன. எல்லை கிடையாது, பேப்பர் கேட்க மாட்டோம், ஜெயிப்பவர்களை ஒதுக்க மாட்டோம் என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். குதிரைப் பந்தயத்தில் என்னைவிட அனுபவமுள்ள ஒரு அண்ணா, தான் அங்கேதான் விளையாடுவதாகவும் பணம் வந்திருப்பதாகவும் சொன்னார். அவருக்கு வந்தது உண்மைதான். சின்னத் தொகைகளை அவர்கள் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், அந்தப் பேச்சு பரவ வேண்டும் என்பதற்காகவே.

பணம் கட்டும் இடத்திலேயே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நான் டெபிட் கார்டில் கட்டிய பணம், பேங்க் ஸ்டேட்மெண்டில் ஏதோ ஒரு ஆன்லைன் கடையின் பெயரில் வந்தது. அந்தக் கடையை நான் கேள்விப்பட்டதே இல்லை. கார்டு வழியாகப் போகும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு வகை எண் உண்டு. சூதாட்டத்துக்கு 7995. நம் பேங்க் ஆப்பில் சூதாட்டச் செலவைத் தடுக்கும் வசதியை ஆன் செய்தால், அது இந்த எண்ணைப் பார்த்துத்தான் தடுக்கிறது. இந்தத் தளங்கள் துணிக்கடை, மின்பொருள் கடை என்று வேறு வகையில் பணத்தை அனுப்பினால் அந்தத் தடுப்பு வேலை செய்யாது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் பெட் கட்டவே முடியாது. நான் சொல்லும் தளத்தில் கிரெடிட் கார்டும் எடுத்துக்கொண்டார்கள். சூதாட்டத்திலிருந்து விலகப் போராடும் ஒருவருக்கு இதெல்லாம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரலில் ஏய்ன்ட்ரீ குதிரைப் பந்தயங்கள் நடந்த வாரம் எனக்கு நன்றாக அமைந்தது. ஈச்-வே (ஜெயிக்காவிட்டாலும் முன்னிடங்களில் வந்தால் பணம் தரும் பெட்) கட்டிய இரண்டு குதிரைகள் இடம் பிடித்தன, நல்ல விலையில் எடுத்த ஒன்று ஜெயித்தது. பணத்தை எடுக்கப் போனேன். கட்டும்போது நொடியில் முடிந்த வேலை, எடுக்கும்போது முதலில் பாஸ்போர்ட் கேட்டது. கொடுத்தேன். பிறகு கவுன்சில் டாக்ஸ் பில். பிறகு கையில் பாஸ்போர்ட்டையும் தேதி எழுதிய தாளையும் பிடித்தபடி ஒரு செல்ஃபி. படம் தெளிவாக இல்லை என்று அதையே மறுபடியும் கேட்டார்கள். அப்புறம் வழக்கறிஞர் சான்றளித்த நகல் வேண்டும் என்றார்கள், அதற்கு நான் என் காசைச் செலவழித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாரக்கணக்கில் மௌனம். சாட்டில் வருகிறவர் ஒவ்வொரு முறையும் வேறு பெயர், பதில் மட்டும் ஒன்றுதான்: சம்பந்தப்பட்ட பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது, பொறுமையாக இருங்கள்.

பிரிட்டிஷ் லைசென்ஸ் உள்ள கம்பெனி இப்படிச் செய்ய முடியாது. 2019 மே 7 முதல், முதல் பெட் கட்டும் முன்பே வாடிக்கையாளரின் வயதையும் அடையாளத்தையும் அவர்கள் சரிபார்த்தாக வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் ஒரு தடையாக வைக்கக் கூடாது என்பதும் விதி.

காத்திருந்த அந்த நாட்களில் இன்னொரு வேலையும் நடந்தது. என் பணம் 'நிலுவையில்' என்று காட்டிய வரிக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டன்: கோரிக்கையை ரத்து செய்து மீண்டும் விளையாடலாம். விஐபி மேலாளர் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். அன்பாகப் பேசினார், குடும்பத்தை விசாரித்தார், கோரிக்கையை ரத்து செய்தால் பாதிக்குப் பாதி போனஸ் தருவதாகச் சொன்னார். மனுஷன் காத்திருந்து களைத்து, எடுக்கக் கேட்ட பணத்தைத் திரும்ப விளையாடித் தோற்க வேண்டும், அதற்காகத்தான் இந்தத் தாமதம். இங்கே உரிமம் பெற்றவர்களுக்கு அந்த ரத்து பட்டனையே 2021இல் தடை செய்துவிட்டார்கள். எத்தனையோ பேர் அந்தப் பட்டனில்தான் விழுந்திருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் ரத்து செய்யவில்லை. கடைசியில் மெயில் வந்தது. விதிமுறைகளின் இன்ன பிரிவின்படி ஐக்கிய ராஜ்யத்தில் வசிப்பவர்கள் இந்தத் தளத்தில் விளையாட அனுமதி இல்லை. ஆகவே ஜெயித்த தொகை செல்லாது, கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது, கட்டிய பணம் செலவு கழித்துத் திருப்பித் தரப்படும். அந்தக் கட்டிய பணமும் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பல பக்கங்கள் நீளும் விதிமுறைகளின் நடுவில், தடை செய்யப்பட்ட நாடுகளின் பட்டியலில் பிரிட்டனும் இருந்தது. பதிவு செய்யும் பக்கத்தில் நாட்டைத் தேர்வு செய்யும் இடத்திலும் இருந்தது. இரண்டும் ஒரே தளத்தில்! இது கவனக்குறைவால் நடந்தது என்று நான் நம்பவில்லை. பிரிட்டனில் இருப்பவர் தோற்றால் பணம் அவர்களுக்கு. ஜெயித்தால் அந்தப் பிரிவைக் காட்டலாம். எப்படிப் பார்த்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. நான் பிரிட்டனில் இருப்பதால் பெட் செல்லாது என்றால் தோற்ற பெட்களும் செல்லாதுதானே, அந்தப் பணம் எங்கே என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இனி யாரிடம் போவது? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். லைசென்ஸ் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்துத்தான் நாம் புகார் சொல்லப் போகும் இடம் இருக்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது.

இங்கே உரிமம் பெற்ற கம்பெனியோடு தகராறு என்றால் முதலில் அவர்களிடமே புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் சுதந்திரமான ஒரு தீர்வு அமைப்புக்கு இலவசமாகப் போகலாம். பந்தயத் தகராறுகளுக்கு ஐபாஸ் என்ற அமைப்பு 1998 முதல் இருக்கிறது. ஆனால் தன்னிடம் பதிவு செய்துள்ள கம்பெனிகளைப் பற்றிய புகார்களைத்தான் அது எடுக்க முடியும். சூதாட்டத்துக்கு லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான, பர்மிங்காமில் இருக்கும் கேம்பிளிங் கமிஷன் தனி மனிதரின் பணத்தை வாங்கித் தருவதில்லை, லைசென்ஸ் உள்ள கம்பெனியாக இருந்தாலும் அப்படித்தான். ஆனாலும் புகார் கொடுங்கள். சட்டவிரோதத் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும். பேங்கில் கேட்டால், நீங்களே சம்மதித்துக் கொடுத்த பணம் என்கிறார்கள். பத்தாயிரம் பவுண்டு வரையான தொகைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற எளிய நீதிமன்ற வழி உண்டு. தீர்ப்பே வாங்கினாலும் இந்த நாட்டில் ஒரு மேசை நாற்காலிகூட இல்லாத கம்பெனியிடமிருந்து எதை வசூலிப்பது?

லைசென்ஸ் கொடுத்த நாட்டில் புகார் சொல்லலாமே என்று சிலர் கேட்டார்கள். உலகத்தில் இந்த வகைத் தளங்களில் பலவற்றின் அடியில் எழுதியிருக்கும் பெயர் கரீபியனில் உள்ள குராசாவ் தீவு. அங்கே 1990களிலிருந்து ஒரு முறை இருந்தது. நாலு தலைமை உரிமதாரர்கள், அவர்கள் தங்களுக்குக் கீழே எத்தனையோ தளங்களுக்கு உள் உரிமம் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் புகார் சொன்னால் அது போய் நிற்பது, அந்தத் தளத்திடமிருந்து வருமானம் பார்க்கிற ஆளிடம்தான். 2024 டிசம்பரில் புதிய சட்டம் வந்து, இப்போது அரசு அமைப்பே நேரடியாக உரிமம் தருகிறது. அது நல்ல மாற்றம்தான், ஆனாலும் பிரிட்டனில் விளையாட்டு நடத்தும் உரிமையை அது யாருக்கும் தராது. என் விஷயத்தில் தளத்தின் அடியில் இருந்த முத்திரை வெறும் படம். அழுத்தினால் எங்கேயும் போகவில்லை.

மால்டா, ஜிப்ரால்டர் என்றால் நல்லதுதானே என்ற பேச்சும் அடிக்கடி வருகிறது. அது பழைய காலத்து நினைப்பு. ஒரு காலத்தில் அந்த லைசென்ஸ்களோடு பிரிட்டனில் விளம்பரம் செய்து வியாபாரம் நடத்த முடிந்தது உண்மை. 2014 நவம்பர் 1 முதல் நிலைமை மாறிவிட்டது. கம்பெனி எங்கே இருந்தாலும் சரி, பிரிட்டனில் இருக்கும் வாடிக்கையாளரை ஏற்றால் பிரிட்டிஷ் லைசென்ஸ் வேண்டும். பெரிய கம்பெனிகள் சில இன்றும் ஜிப்ரால்டரில் ஆபீஸ் வைத்திருக்கின்றன, ஆனால் கூடவே இங்குள்ள லைசென்ஸும் வைத்திருக்கின்றன. மால்டாவில் 2023இல் ஒரு சட்டத் திருத்தமே கொண்டுவந்தார்கள்: அங்குள்ள லைசென்ஸோடு சட்டப்படி நடத்திய சேவை என்றால், அந்தக் கம்பெனிக்கு எதிராக வெளிநாட்டு நீதிமன்றம் தரும் தீர்ப்பை மால்டா நீதிமன்றங்கள் நிறைவேற்ற மறுக்க வேண்டும். ஐரோப்பாவில் தோற்ற பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்கு ஜெயித்தவர்கள் பலர் இதில்தான் முட்டி நிற்கிறார்கள்.

இப்படிப்பட்ட தளத்தில் விளையாடியதற்காக நம்மை யாரும் கைது செய்யப் போவதில்லை. குற்றம் நடத்துகிறவருடையது. இதைச் சொல்லக் காரணம், பயத்தில் புகாரே கொடுக்காமல் இருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் பணம் போனதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. இந்தத் தளங்களைச் சிபாரிசு செய்யும் பட்டியல்களைப் பாருங்கள், தலைப்பிலேயே 'கேம்ஸ்டாப்பில் இல்லாதவை' என்று போட்டிருப்பார்கள். கேம்ஸ்டாப் என்பது, என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை, என்னை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் தானே பெயர் கொடுக்கும் திட்டம். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தேர்வு செய்யலாம். 2020 மார்ச் 31 முதல் பிரிட்டிஷ் லைசென்ஸ் உள்ள ஆன்லைன் தளங்கள் எல்லாம் அதில் கட்டாயம் சேர வேண்டும். ஆக, 'கேம்ஸ்டாப்பில் இல்லாத' என்ற சொல்லைத் தேடுகிறவர் யார்? நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு பலவீனமான இரவில் தடுமாறுகிறவர். அவரைக் குறிவைத்து விளம்பரம் எழுதி, அவர் தோற்கும் பணத்தில் பங்கு வாங்குகிறார்கள் பட்டியல் போடுகிறவர்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்தத் திட்டத்தில் பெயர் கொடுத்திருந்தால், அவருடைய போனில் கேம்பேன் போன்ற தடுப்பு மென்பொருளையும் போடச் சொல்லுங்கள். கேம்ஸ்டாப் தொடாத வெளிநாட்டுத் தளங்களையும் அது தடுக்கப் பார்க்கும். சூதாட்டத்தால் சிரமப்படுகிறவர்களுக்கு உதவும் கேம்கேர் அமைப்பு நடத்தும் தேசிய உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக இருக்கிறது.

கணக்குத் திறக்கும் முன் பார்ப்பது எளிது. தளத்தின் அடியில் கேம்பிளிங் கமிஷன் கணக்கு எண் இருக்க வேண்டும். அங்கே இருக்கும் லோகோவை நம்பாமல், கமிஷனின் பொதுப் பதிவேட்டை நீங்களே தனியாகத் திறந்து, தளத்தின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். கம்பெனி பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. நீங்கள் போன அதே இணைய முகவரி அந்தக் கம்பெனியின் கீழ் இருக்க வேண்டும், உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கால்பந்து அணியின் சட்டையில் பெயர் இருப்பதையும் சான்றாக எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், கணக்கு திறந்திருக்கும்போதே பேலன்ஸ், பெட் வரலாறு, சாட், அன்றைய விதிமுறைகள் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே போக முடியாது. பாஸ்போர்ட் படம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பேங்கில் சொல்லிக் கார்டை மாற்றுங்கள், மோசடித் தடுப்பு அமைப்பான சிஃபாஸில் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளுங்கள், உங்கள் பெயரில் வேறொருவர் கடன் கேட்டால் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். பணத்தை விடுவிக்க வரி கட்டுங்கள் என்று கேட்டால் ஒரு பென்னியும் கொடுக்காதீர்கள். பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு பிரிட்டனில் விளையாடுகிறவர் வரி கட்ட வேண்டியதே இல்லை. 'சரிபார்ப்பு டெபாசிட்' என்று கேட்பதும் அதே வகைதான்.

கணக்கு மூடப்பட்டுக் கொஞ்ச நாளில் எனக்கு ஒரு போன் வந்தது. இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிறுவனம் என்றார்கள். தளத்தின் பெயர், எனக்கு வர வேண்டிய தொகை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்பணமாக 200 பவுண்டு கேட்டார்கள். அந்தத் தொகை என்னையும் தளத்தையும் தவிர வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. இப்படி யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிடுங்கள், அந்த எண்ணையும் சேர்த்துப் புகார் கொடுங்கள்.