வெளிக்குடைக்கு ஒரு குழந்தைப் பூட்டு: ஆனைமலைக் காற்றில் வைத்துப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மேசைக்கு மேலே நிழலுக்கு விரிக்கிற பெரிய குடையைப் பிள்ளைகள் சுற்றி இறக்கிவிடாமல் தடுக்கிற இந்தப் பூட்டை வாங்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் படத்தை நம்பி வாங்க வேண்டாம். படத்தில் ஒரு குழந்தை விரித்த குடைக்குக் கீழே கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. இதை மாட்டிவிட்டால் குடையைப் பற்றிய கவலையே இல்லை என்கிற மாதிரி. உண்மையில் வெளிக்குடையில் குழந்தைகளுக்கு இருக்கும் நாலு ஆபத்துகளில் ஒன்றரையைத்தான் இது பார்த்துக்கொள்கிறது. அந்த ஒன்றரையை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது.

நாங்கள் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். நாலே அறை. முன்னால் புல்தரையில் இரண்டு மேசை, இரண்டு குடை. பெரியது 9 அடி அகலம், அலுமினியக் கம்பம், கைப்பிடியைச் சுற்றினால் விரிகிற வகை. சனி, ஞாயிறுகளில் கோயம்புத்தூர், திருப்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைகளுக்கென்று ஊஞ்சல் கட்டியிருக்கிறோம், கன்றுக்குட்டி இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. வந்து இறங்கிய பிள்ளை இதையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் போய்ப் பிடிப்பது குடையின் கைப்பிடியைத்தான். சுற்றுகிற எதையும் சுற்றிப் பார்க்காமல் விட்ட பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அம்மா அப்பா டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், தலைக்கு மேலே குடை மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வகைக் குடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பூட்டின் அருமையும் குறையும் புரியும். தோப்பு மோட்டாருக்கு வரும் மெக்கானிக் தம்பியை வைத்து ஒருமுறை கழற்றிப் பார்த்தோம். கைப்பிடிக்கு உள்ளே ஒரு சின்ன உருளை. அதில் சுற்றிய கயிறு கம்பத்துக்குள்ளேயே மேலே போய், உச்சியில் இருக்கும் கப்பியில் திரும்பி, வெளியே இருக்கிற வளையத்தை இழுக்கிறது. ரன்னர் என்பார்கள். குடைக்கம்பிகளைத் தாங்குகிற குச்சிகளெல்லாம் அந்த வளையத்தில்தான் வந்து சேர்கின்றன. வளையம் ஏறினால் குடை விரியும், இறங்கினால் மடங்கும். விரிந்த பிறகும் விடாமல் சுற்றினால் சில குடைகள் ஒரு பக்கமாகச் சாயும். எங்களுடையது அந்த ரகம். மடங்கிய பிறகும் பின்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தால் கயிறு உருளையில் தலைகீழாகச் சுற்றி, உள்ளே சிக்குப் போட்டுக்கொள்ளும். பிள்ளைகள் இரண்டையும் செய்வார்கள். விரல் நசுங்கும் இடமும் அந்த வளையம்தான். குச்சிகள் மடங்கும்போது அவற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இடைவெளி சுருங்குகிறது. பெரியவர்கள் விரல்கூடத் தப்பாது.

சரி, பொருளுக்கு வருகிறேன். பெட்டிக்குள் இரண்டு சாமான். ஒன்று, பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுகிற புதுக் கைப்பிடி. இன்னொன்று, கம்பத்தில் மாட்டிச் சாவியால் பூட்டுகிற பிளாஸ்டிக் வளையம். ஆன்லைனில் 1,150 ரூபாய் கொடுத்தேன். 38 மில்லிமீட்டர் கம்பத்துக்கும் 48 மில்லிமீட்டர் கம்பத்துக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. சின்னக் கம்பத்தில் மாட்டும்போது வளையத்துக்கு உள்ளே வைக்க வேண்டிய ரப்பர் பட்டை மட்டும் பெட்டியில் இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு முழுப் பொருளையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்துக்கொள்வதே மேல் என்று விட்டுவிட்டேன்.

கைப்பிடிதான் இந்தப் பொருளின் உயிர். சும்மா சுற்றினால் அது வெறுமனே சுழலும், உள்ளே எதுவும் நகராது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றினால்தான் உள்ளிருக்கும் பல் கவ்வி உருளை திரும்பும். கையை எடுத்தால் ஸ்பிரிங் தள்ளிவிடும், பழையபடி வெறும் சுழற்சி. யாரோ பிள்ளைகளோடு வாழ்ந்தவர் யோசித்தது இது என்று தோன்றியது. அசையாத பூட்டாக இருந்தால் பிள்ளை அதை உடைக்கப் பார்க்கும். இது சுற்றுகிறது, கடகடவென்று சத்தமும் போடுகிறது. பிள்ளைக்குச் சந்தோஷம், குடைக்கும் ஒன்றும் ஆகாது.

இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வைப்பது புதுசு ஒன்றும் இல்லை. மாத்திரை டப்பாவில் அழுத்திக்கொண்டே திருகித் திறக்கிற மூடி இருக்கிறதே, அதே யோசனைதான். 1967-இல் கனடாவில் ஹென்றி பிரோ என்கிற குழந்தை மருத்துவர், பிள்ளைகள் மாத்திரையை விழுங்கிவிட்டு வருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், அப்படி ஒரு மூடி வரக் காரணமாக இருந்தார். அமெரிக்காவில் 1970-இல் அதற்குச் சட்டமே போட்டார்கள். அங்கே அந்த மூடிகளைச் சோதிக்கிற முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 42 முதல் 51 மாதம் வரையிலான பிள்ளைகளிடம் மூடிய டப்பாவைக் கொடுப்பார்கள். முதல் 5 நிமிடத்தில் 85 சதவீதம் பேராவது திறக்க முடியாமல் தோற்க வேண்டும். அப்புறம் எப்படித் திறப்பது என்று பேசாமல் செய்து காட்டிவிட்டு இன்னொரு 5 நிமிடம் கொடுப்பார்கள். அதன் பிறகும் 80 சதவீதம் பேராவது திறக்க முடியாமல் இருக்க வேண்டும். கூடவே 50 முதல் 70 வயது வரையிலான பெரியவர்களில் 90 சதவீதம் பேரால் திறந்து மூட முடிய வேண்டும். பிள்ளையால் முடியாதது மட்டும் போதாது, பாட்டியால் முடியவும் வேண்டும்.

குடைக்கு இப்படி ஒரு சோதனை செய்ததாகப் பெட்டியில் எதுவும் இல்லை. அதனால் வீட்டிலேயே பார்த்தோம். தங்கை மகனுக்கு நாலு வயது. கைப்பிடியைப் பிடித்தவன் சுற்றினான், சுற்றினான், சுற்றிக்கொண்டே இருந்தான். நான் அழுத்திச் சுற்றிக் காட்டிய பிறகும் அவனால் ஸ்பிரிங்கை உள்ளே தள்ள முடியவில்லை. “பெரியம்மா, இது ஓட்டை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கன்றுக்குட்டியிடம் போய்விட்டான். விருந்தாளிகள் வீட்டுப் பெண் ஒருத்தி, ஒன்பது வயது இருக்கும், நான் சுற்றுவதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, நெஞ்சால் முட்டுக்கொடுத்துச் சுற்றிவிட்டாள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் சொன்னால் கேட்பார்கள், கேட்கிற மாதிரி நடிக்கவாவது செய்வார்கள்.

குறை வேறு பக்கம். என் அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, விரல் மூட்டுகளில் வலி. கைப்பிடியை ஒருமுறை அழுத்திவிட்டார். குடை முழுக்க விரியப் பத்துப் பன்னிரண்டு சுற்று வேண்டும், அத்தனைக்கும் அழுத்தம் விடாமல் இருக்க வேண்டும். நாலாவது சுற்றில் “இதென்ன கண்ணு, குடையா செக்கா?” என்று கையை உதறிவிட்டார். ஸ்பிரிங்கை இவ்வளவு கெட்டியாக வைத்திருக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில், பேரன் பேத்தி எப்போதாவது வருவார்கள் என்றால், இந்தக் கைப்பிடி நாள்தோறும் தண்டனை. நிறைய குடைகளில் பழைய கைப்பிடியையே திருகு தளர்த்திக் கழற்றி எடுத்துவிட முடியும். பிள்ளைகள் வரும் நாளில் கழற்றி டிராயரில் போட்டுவிடுங்கள், செலவே இல்லை.

அடுத்தது சாவி வளையம். பாதி மதிப்பெண் இங்கேதான் போயிற்று. விரிந்த குடையின் ரன்னருக்கு நேர் கீழே இதை மாட்டிப் பூட்ட வேண்டும். உள்ளே கயிறு அறுந்தாலும் குடை சரிந்து கீழே இருப்பவர் தலையில் விழாது. நல்ல விஷயம், வெயில் பட்டு மழை பட்டு நைந்த கயிறு அறுவது அபூர்வம் இல்லை. ஆனால் இந்த வளையம் இருக்கும்வரை குடையை மடக்க முடியாது. மடக்க வேண்டும் என்றால் சாவி வேண்டும். சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. எங்கள் ஊர் காற்று அதுவரை காத்திருக்காது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வரும். உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 9 அடிக் குடைக்குப் பரப்பு 5 சதுர மீட்டருக்கு மேல். நேராக வாங்கினால் 40 கிலோ அளவுக்கு இழுவை. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. அப்படிப்பட்ட நேரத்தில் ஓடிப்போய் அந்த நிமிடமே மடக்க முடிய வேண்டும். பறந்து வரும் குடை, விரல் நசுங்குவதைவிடப் பெரிய ஆபத்து. பிள்ளைகளால் திறக்க முடியாததாகவும் பெரியவர்களால் உடனே மடக்க முடிவதாகவும் இருப்பதுதான் குடைக்கு ஏற்ற பூட்டு. கைப்பிடியில் அது ஓரளவு நடக்கிறது. வளையத்தை வடிவமைத்தவர் காற்றே இல்லாத ஊரில் இருந்திருக்க வேண்டும். சாவிக்குப் பதில் அழுத்தித் திருகும் தாழ் வைத்திருந்தால் போதுமே. நாங்கள் வைகாசி முடிந்ததும் வளையத்தைக் கழற்றி வைத்துவிடுவோம், ஐப்பசி வரைக்கும் தொடுவதில்லை.

மூன்றாவது ஆபத்து மடங்கிய குடை. அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. பலரும் கவனிக்காத இடம் இது. கிணற்றுக் கயிறு வாளியை இழுக்கும், தள்ளாது. அதே மாதிரி குடைக்குள் இருக்கும் கயிறும் ரன்னரை மேலே இழுக்கும், கீழே பிடித்து வைக்காது. மடங்கிய குடையில் ரன்னர் கீழே இருப்பது அதன் எடையால்தான். கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் பிள்ளை ரன்னரைக் கையால் மேலே தள்ளலாம், காற்றும் துணிக்குள் புகுந்து தள்ளலாம். கயிறு உள்ளே தொய்ந்து கொடுக்கும். அப்புறம் கையை விட்டால் ரன்னர் சடாரென்று இறங்கும். எங்கள் குடையில் மடங்கிய ரன்னர் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது.

அதற்கு மருந்து துணியைச் சுற்றிக் கட்டும் பட்டைதான். குடையோடு வருவது ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை. பிள்ளைகளுக்கு அந்தப் பர்ர்ர் சத்தம் ஒன்றே போதும், நாள் முழுக்கப் பிரிப்பார்கள். பொள்ளாச்சி சந்தைக் கடையில் பயணப் பெட்டிக்குக் கட்டும் பக்கிள் பட்டை வாங்கி, பக்கிளைக் கம்பத்தின் பின்பக்கமாகப் பெரியவர் உயரத்தில் வைத்துக் கட்டுகிறோம். இப்படி ஒரு பட்டையையும் பெட்டிக்குள் போட்டிருந்தால் இந்தப் பொருளுக்கு ஐந்துக்கு நாலு கொடுத்திருப்பேன்.

நாலாவது ஆபத்து அடியில். கம்பத்தை ஸ்டாண்டில் இறுக்கிப் பிடிப்பது கையால் திருகும் ஒரு பெரிய பிளாஸ்டிக் குமிழ். புல்தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இல்லை, தவழ்கிற பிள்ளைக்கே எட்டும். அதைத் திருகி எடுத்துவிட்டால் கம்பம் ஸ்டாண்டுக்குள் ஆடும், காற்றில் எழும்பவும் செய்யும். இதற்கும் இந்தப் பொருளுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், குழந்தைப் பாதுகாப்பு என்று எழுதி விற்கிறவர்கள் ஒரு வரி சொல்லியிருக்கலாம். மெக்கானிக் தம்பி குமிழை எடுத்துவிட்டு ஆலன் சாவி போட்டால்தான் திரும்பும் போல்ட் ஒன்றை மாட்டிக்கொடுத்தார். கூலி கேட்கவில்லை, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

தரம் பற்றிக் கேட்பீர்கள். கைப்பிடியின் பிளாஸ்டிக் ஒரு கோடை முழுக்க வெயிலில் நின்றதில் கறுப்பு நிறம் சாம்பலாக வெளுத்திருக்கிறது, வெடிப்பு இல்லை. உள்ளே ஸ்பிரிங்கில் துரு எட்டிப் பார்க்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சத்தம் குறைகிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் இருந்தால்தான் பிடிக்கிறது என்பதால் நான் அதிகம் விடுவதில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. பத்து வயதுக்குள் பிள்ளைகள் அடிக்கடி வரும் இடம், கைப்பிடி சுற்றுகிற குடை, மடக்குவதற்குக் கை வலுவுள்ள ஒருவர் எப்போதும் இருக்கிறார் என்றால் தாராளமாக வாங்குங்கள். தனிக் கைப்பிடி மட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது, வளையத்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம். இரண்டாவது குடைக்கு நான் இதை வாங்கவில்லை. அதில் கைப்பிடியே கிடையாது, கையால் தூக்கிவிட்டுக் கம்பத்தில் இருக்கும் ஓட்டையில் பின் செருகுகிற பழைய ரகம். அந்தப் பின்னைப் பிள்ளைகள் உருவிக்கொண்டு போகாமல் இருக்க, இரும்புக் கடையில் வளையப் பூட்டுள்ள பின் ஒன்று கிடைத்தது. முப்பது ரூபாய்.