கோரம் இணைய ஆவணத் தொகுப்பு: எண்ணைப் பிடித்தால் போதும்

என் மாமியார் வீட்டுப் பெட்டியில் 1768ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று இருக்கிறது. யார்க்‌ஷயரில் ஒரு பத்து வயதுச் சிறுமியை வீட்டு வேலை பழக ஒப்படைத்த பத்திரம். ஒப்படைத்தது பெற்றோர் இல்லை, லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல். ஹாஸ்பிட்டல் என்று பெயரே தவிர, அது குழந்தைகள் காப்பகம். அந்தச் சிறுமிதான் என் கணவர் குடும்பத்துக்கு மூத்த பாட்டி. அவளைப் பெற்றவள் யார் என்று அத்தை வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒரு கட்டணத் தளத்தில் மூன்று மாதம் போனது. சிறுமியின் குடும்பப் பெயரை வைத்து ஒரு அப்பா அம்மாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அத்தை அவர்கள் கல்லறையில் பூ வைத்துவிட்டும் வந்தார். எல்லாம் தவறு. அந்தப் பெயரே காப்பகம் வைத்தது. சேர்ந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் புதுப் பெயர் சூட்டுவார்கள். 1741இல் முதலில் பெயர் பெற்றவர்களில் இருவர் தாமஸ் கோரம், யூனிஸ் கோரம். காப்பகத்தின் நிறுவனர், அவர் மனைவி ஆகியோரின் பெயரையே அந்தக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். ஆகவே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகவே முடியாது.

அந்தக் காப்பகத்தின் வழிவந்த கோரம் அறக்கட்டளையின் தளத்துக்கு வந்த பிறகுதான் வழி தெரிந்தது. 1739 முதல் 1899 வரையிலான பதிவேடுகளில் ஒரு லட்சம் பக்கங்களைப் படமெடுத்து, தன்னார்வலர்கள் அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து, இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். இங்கே ஆளைக் காட்டுவது எண். குழந்தையின் கழுத்தில் ஈய வில்லையில் கட்டிய அதே எண்தான் எல்லாப் பதிவேட்டிலும் வரும். பொதுப் பதிவேட்டில் எங்கள் பாட்டியின் பெயரில் மூன்று சிறுமிகள் இருந்தார்கள். இருவர் கைக்குழந்தையிலேயே இறந்தவர்கள். மூன்றாவது பெயருக்கு எதிரே வேலைக்கு அனுப்பிய தேதி. எங்கள் பத்திரத்தில் இருந்த தேதியேதான்.

அவள் சேர்ந்தது 1758இல். வந்த குழந்தையை எல்லாம் ஏற்றுக்கொண்ட காலம் அது. 1756 முதல் 1760 வரை ஏறக்குறைய 15,000 குழந்தைகள் வந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கவில்லை. பதிவேட்டில் அந்த மரணங்களைப் பக்கம் பக்கமாகக் கடந்துதான் அவளிடம் போக வேண்டியிருந்தது. இரண்டு இரவு என்னால் தொடர முடியவில்லை.

எண் கிடைத்ததும் சேர்க்கைச் சீட்டைத் திறந்தேன். பெண், மூன்று வாரம், தலைத்துணி, சட்டை. ஓரத்தில் ஊசி குத்திய, சிவப்புப் பூப்போட்ட பருத்தித் துண்டு. அம்மா திரும்பி வந்தால் அதன் மறுபாதியைக் காட்டிப் பிள்ளையை அழைத்துப் போகலாம். யாரும் வரவில்லை. அம்மாவின் பெயரும் சீட்டில் இல்லை, அன்று அதைக் கேட்கவே மாட்டார்கள். பின்னால் விண்ணப்பம் எழுதி வாங்கிய காலத்துக் குழந்தை என்றால் உங்களுக்குத் தாயின் பெயரே கிடைக்க வாய்ப்பு உண்டு.

தேடுபவர்களுக்குச் சில விஷயம். அக்கால எழுத்தர் ஒரே சொல்லைப் பல விதமாக எழுதுவார், அதனால் தட்டச்சு வடிவத்தை மட்டும் நம்பாமல் படத்தையும் பாருங்கள். நாணயம், பதக்கம் போன்ற அடையாளப் பொருள்களைப் பலவற்றை 1860களில் காட்சிக்காகச் சீட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். எது எந்தக் குழந்தையுடையது என்பது அப்போதே குழம்பியது. கடந்த 110 ஆண்டுக் கோப்புகள் பொதுப் பார்வைக்கு இல்லை, அதற்கு அறக்கட்டளைக்கே எழுத வேண்டும்.

அத்தை அந்தத் துணியின் படத்தை அச்சிட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்திருக்கிறார். அப்புறம், அவளுக்குப் பால் கொடுத்து வளர்த்த பெண் எந்த ஊர் என்று கேட்டார். செவிலியர் பதிவேட்டில் இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.