பழைய வீட்டு பாய்லர்: பாகத்தை மாற்றுவதா, தண்ணீரைச் சரிசெய்வதா, புதிதே வாங்குவதா?

இருபது முப்பது வருடம் ஓடிய பாய்லர் மக்கர் செய்யத் தொடங்கினால் வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றினால் போதும்" என்பது ஒன்று. "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு" என்பது இன்னொன்று. பழுது இயந்திரத்தில் இருக்கிறதா, அதற்குள் சுற்றும் தண்ணீரில் இருக்கிறதா என்ற கேள்வியை இரண்டு தரப்புமே கேட்பதில்லை. வீட்டைச் சூடாக்க ரேடியேட்டர்களுக்கு (அறைகளில் வெப்பம் பரப்பும் உலோகப் பலகைகள்) சுடுநீர் அனுப்பும் பழைய அமைப்புகளில் பம்பு இறுகுவது, பரிமாற்றி (சுடரின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) அடைத்துக்கொள்வது, ரேடியேட்டர் பாதிக்கு மேல் சூடாகாமல் நிற்பது ஆகிய பலவும் தண்ணீரில் தொடங்குபவை. அதைத் தீர்க்காமல் வாங்கும் புதுப் பாகம் பழைய பாகம் போன வழியிலேயே போகும்.

ஒப்பீட்டுக்கு முன்னால், பேரத்துக்கே இடமில்லாத இரண்டு விஷயங்கள். பர்னர் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தளர்ந்து எரிந்தாலோ, மேலுறையில் கரி படிந்தாலோ, அறைக்குள் இருக்கும்போது தலைவலியும் குமட்டலும் வந்து வெளியே போனதும் விட்டுப்போனாலோ, பாய்லரை அணைத்துவிட்டு, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். இவை கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிவாயுக் குழாய், பர்னர், புகைவழி மூன்றிலும் உரிமம் பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும். இரண்டாவது விஷயம், மிகப் பழைய பாய்லர்களின் மேற்பூச்சிலும் கதவோரக் கயிற்றிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைச் சுரண்டவோ பிய்க்கவோ கூடாது.

அழுத்தம் இறங்குகிறது: நிரப்பிக்கொண்டே இருப்பதா, அடைப்பானா, கசிவைத் தேடுவதா?

மூடிய அமைப்பு ஆறியிருக்கும்போது அழுத்தமானி முள் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். முழுச் சூட்டில் 2 பாரை ஒட்டி நிற்கலாம். முள் இறங்கும் விதம் இரண்டு உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

முதல் விதம்: பாய்லர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது. இது கசிவு. இரண்டாவது விதம்: ஆறியபோது 1 பார் இருக்கும், சூடேறியதும் விறுவிறுவென்று 3 பாரை நோக்கி ஏறும், பாதுகாப்பு வால்வு வெளியே தண்ணீர் கக்கும், மறுபடி ஆறினால் முள் பூஜ்யத்துக்கு அருகில் விழும். இது கசிவு அல்ல. சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும், சவ்வுக்கு ஒருபுறம் காற்று அடைத்த விரிவுத் தொட்டியில் காற்று இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை குழாயைத் திறந்து நிரப்பிவிடுவதுதான் பலரும் பிடித்துக்கொள்ளும் வழி. செலவில்லாதது போலத் தெரியும். ஆனால் உள்ளே போகும் ஒவ்வொரு புதுத் தண்ணீரும் கரைந்த ஆக்சிஜனையும் சுண்ணாம்பையும் கொண்டுபோகிறது. ஆக்சிஜன் எஃகு ரேடியேட்டரைத் தின்கிறது, சுண்ணாம்பு பாய்லரின் மிகச் சூடான பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. மெல்ல மெல்ல பாய்லரைக் கொல்லும் வழி இதுதான்.

திரவக் கசிவடைப்பான், தரைக்கு அடியில் ஓடும் குழாயின் இணைப்பில் மெலிதாக ஊறும் கசிவுக்குச் சில சமயம் கைகொடுக்கும். ஆனால் தானியங்கிக் காற்று வால்வின் சின்னத் துளையையும், குறுகலான பரிமாற்றி வழிகளையும் அதுவே அடைத்துவிடக்கூடும். தொட்டியோ பாதுகாப்பு வால்வோதான் குற்றவாளி என்றால் அதனால் துளியும் பயன் இல்லை. எனவே தேடிப் பார்த்தபிறகே அதற்கு இடம்.

தேடுவது கடினமில்லை. பாதுகாப்பு வால்வின் வெளியேற்றக் குழாய் நுனியில் சின்ன பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டு ஒருநாள் விட்டுப் பாருங்கள். பையில் தண்ணீர் இருந்தால் வால்வு ஒழுகுகிறது. பை காய்ந்திருந்தால், இரவில் பாய்லரை அணைத்து, அது ஆறியபின் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டின் வால்வுகளையும் மூடிவிடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். முள் அசையாமல் நின்று, வால்வுகளைத் திறந்ததும் பொத்தென்று விழுந்தால் கசிவு குழாய்களிலோ ரேடியேட்டரிலோ. ரேடியேட்டர் வால்வுத் தண்டின் அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும் உப்பு, காய்ந்துபோன கசிவின் அடையாளம்.

விரிவுத் தொட்டி என்றால் காற்றடிப்பது, தொட்டியை மாற்றுவது, வெளியே தனித்தொட்டி வைப்பது என மூன்று வழிகள். தொடங்குவது எப்போதும் காற்றிலிருந்துதான். பாய்லரை ஆறவிட்டு, நிரப்பும் குழாய் மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, வடிகாலைத் திறந்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தொட்டியில் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற காற்று வால்வு இருக்கும். அதன் ஊசியை அழுத்தினால் தண்ணீர் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. காற்று வந்தாலோ, எதுவுமே வராவிட்டாலோ, வடிகால் திறந்தபடி இருக்கும்போதே காற்றடியுங்கள். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: தொட்டியிலிருந்து வீட்டின் மிக உயரமான ரேடியேட்டர் எத்தனை மீட்டர் மேலே இருக்கிறதோ அதைப் பத்தால் வகுத்து 0.3 கூட்டுங்கள். 5 மீட்டர் உயரத்துக்கு 0.8 பார். பிறகு வடிகாலை மூடி, அந்த அளவைவிட 0.2 அல்லது 0.3 பார் கூடுதலாகத் தண்ணீர் நிரப்புங்கள்.

சவ்வு கிழிந்த தொட்டி பாய்லரின் முதுகுப்புறத்தில் செருகப்பட்டிருந்தால், பாய்லரையே சுவரிலிருந்து இறக்கினால்தான் அதை வெளியே எடுக்க முடியும். அப்போது பழையதை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பும் குழாயில் தனித்தொட்டி ஒன்றை இணைப்பது நல்ல தீர்வு. 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குப் போகும்போது தண்ணீர் ஏறக்குறைய 3 சதவீதம் விரிகிறது. ஆகவே 120 லிட்டர் அமைப்பில் கிட்டத்தட்ட மூன்றரை லிட்டருக்கு இடம் வேண்டும். தொட்டிக்குள் காற்றும் இருக்க வேண்டும் என்பதால் மொத்த நீரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 12 லிட்டர் தொட்டி, பொருந்தும். பாதுகாப்பு வால்வு பலமுறை கக்கியிருந்தால் அதன் இருக்கையில் துகள் சிக்கி, அப்புறம் சொட்டிக்கொண்டே இருக்கும். அதையும் சேர்த்தே மாற்றுங்கள். வால்வை மட்டும் மாற்றித் தொட்டியை விட்டுவைத்தால் புது வால்வும் கக்கத்தான் செய்யும்.

கெட்டில் போலக் கொதிக்கும் சத்தம், பாதி சூடான ரேடியேட்டர்

ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று. நடு அடிப்பகுதி குளிர்ந்திருந்தால் வண்டல். காற்றை எடுத்துவிட்ட ரேடியேட்டரில் சில வாரங்களிலேயே மறுபடி சேர்ந்தால் அது வெறும் காற்றாக இல்லாமல் இருக்கலாம். இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது, அது தீப்பற்றும். திருகைத் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு வேண்டாம். மாதாமாதம் காற்று எடுத்தே காலம் தள்ளுவது காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போடுவது மாதிரி.

எந்தச் சுத்தம் என்று முடிவு செய்யும்முன் ஒரு கண்ணாடிக் குப்பியில் ரேடியேட்டர் தண்ணீரைப் பிடித்து ஓர் இரவு வையுங்கள். அடியில் கறுப்பு மண் தங்கி, காந்தத்தை வெளிப்புறம் வைத்து நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தால் அது மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு. தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால் எங்கிருந்தோ ஆக்சிஜன் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் கழுவினால் உழைப்பு வீண். தண்ணீர் தெளிவாக இருந்தும் பாய்லர் கெட்டிலாகக் கத்தினால் சந்தேகம் சுண்ணாம்புப் படிவத்தின் மேல் போக வேண்டும். படிவத்துக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடிப்பதுதான் அந்தச் சத்தம். வண்டல் கழுவும் மருந்து சுண்ணாம்பைக் கரைக்காது. அதற்கு அமிலம் கலந்த மருந்து வேண்டும். உங்கள் பாய்லரின் பரிமாற்றி அலுமினியம் என்றால், அலுமினியத்துக்குப் பொருந்தும் என்று பாட்டிலில் எழுதியிருந்தால் மட்டுமே ஊற்றலாம்.

மேக்னடைட் என்றால் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

மெதுவான வழி, மருந்து. துப்புரவுத் திரவத்தை ஊற்றி, பாட்டிலில் சொன்ன காலம்வரை பாய்லரை வழக்கம்போல ஓட்டி, வடித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசுவது. பெரிய கருவி வேண்டாம், பழைய இணைப்புகளுக்கு அதிர்ச்சியும் இல்லை. இறுகிப்போன வண்டலுக்கு மட்டும் இது போதாது.

வேகமான வழி, பம்பு வைத்துக் கழுவுவது. வெளியே ஒரு பெரிய பம்பை இணைத்து, ஓட்டத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒவ்வொரு ரேடியேட்டராகத் தனியாக அலசுவார்கள். "பழைய குழாய் வெடித்துவிடும்" என்ற பயம் பொதுவாக உண்டு. உண்மையில் அழுத்தம் அதிகமில்லை, ஓட்டத்தின் வேகம்தான் அதிகம். ஆனால் துருவேறி ஓட்டையான இடத்தை இதுவரை வண்டலே அடைத்துக்கொண்டிருந்தால், அது இப்போது வெளிப்படும். அன்றைக்கே ரேடியேட்டர் மாற்ற வேண்டி வரலாம் என்று தெரிந்தே இதில் இறங்க வேண்டும்.

மூன்றாவது வழியை யாரும் விளம்பரம் செய்வதில்லை. மோசமான இரண்டு மூன்று ரேடியேட்டர்களை மட்டும் கழற்றி, வெளியே கொண்டுபோய், தோட்டக்குழாயால் இருபக்கமும் பீய்ச்சி அலசி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுவது. கறுப்புச் சேறு கொட்டக் கொட்டத்தான் அடைப்பின் அளவு புரியும். பழைய எஃகு ரேடியேட்டர் உள்ள வீட்டுக்கு எங்கள் தேர்வு, இந்தக் கைவேலையும் மருந்தும் சேர்ந்த வழி. இருபது ரேடியேட்டர் உள்ள பெரிய வீட்டில் இது நடைமுறைக்கு ஒத்துவராது, அங்கே பம்புதான்.

எந்த வழியானாலும் முடிவில் இரண்டு வேலைகளைத் தவிர்க்கக் கூடாது: திரும்பும் குழாயில், பாய்லருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால், ஒரு காந்த வடிகட்டி, மொத்த நீரின் அளவுக்கேற்ற துருத்தடுப்புத் திரவம்.

பம்பு: தட்டி எழுப்புவதா, புதிது போடுவதா?

கோடை முழுக்க ஓடாமல் கிடந்த பழைய பம்பு குளிர்காலத் தொடக்கத்தில் 'உம்' என்று முனகி நிற்பது சகஜம். மின்சாரத்தை அணைத்து, முகப்பின் நடுவில் இருக்கும் பெரிய திருகைக் கழற்றினால் (கொஞ்சம் தண்ணீர் வரும், துணி வையுங்கள்) உள்ளே தண்டின் பிளவு தெரியும். ஸ்குரூ டிரைவரால் சில சுற்று சுற்றிவிட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். தண்டு சுலபமாகச் சுற்றியும் பம்பு கிளம்பவில்லை என்றால், மின்தேக்கியைச் (கப்பாசிட்டர்) சோதியுங்கள்.

புதிது என்று முடிவானால், பழைய மூன்று வேகப் பம்பு 60 முதல் 90 வாட் இழுக்கும் இடத்தில், நிலைக்காந்த மோட்டார் உள்ள புது வகை அதில் சிறு பகுதியோடு வேலையை முடிக்கும். மின்சாரக் கணக்கில் போட்டியே இல்லை. ஆனால் அந்த நிலைக்காந்தம் தண்ணீரில் மிதக்கும் மேக்னடைட்டைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். கறுப்புத் தண்ணீர் ஓடும் அமைப்பில் பழைய வகை தாக்குப்பிடிக்கும், புது வகை இறுகிவிடும். எனவே முதலில் கழுவுங்கள், பிறகு புது பம்பைப் பொருத்துங்கள்.

பைலட் சுடர் நிற்பதில்லை

இங்கே அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பைலட் என்பது பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சிறு சுடர். பொத்தானை விட்டதும் அது அணைந்தால் முதல் சந்தேகம் தெர்மோகப்பிள், அதாவது சுடரின் சூட்டில் சிறு மின்சாரம் உண்டாக்கி எரிவாயு வால்வைத் திறந்தே வைக்கும் பாகம். அதன் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீலச் சுடருக்குள் இருக்க வேண்டும். நல்ல நிலையில் தனியாகக் கழற்றி அளந்தால் 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டும். சுத்தம் செய்து பிழைக்க வைப்பதைவிட மாற்றுவது மேல், மலிவான பாகம். அதை இணைக்கும்போது கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கூட்டினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் நுனித்தொடர்பு நசுங்கிவிடும். புது தெர்மோகப்பிளுக்கும் சுடர் நிற்காவிட்டால் எரிவாயு வால்வைச் சந்தேகிக்கலாம். உரிமம் பெற்றவரை அழையுங்கள்.

பழைய வார்ப்பிரும்பா, புதிய கண்டென்சிங் வகையா?

வார்ப்பிரும்புத் தொகுதியில் விரிசலோ, தொகுதிகளின் இணைப்பில் கசிவோ வந்தால் வாதம் முடிந்தது: மாற்ற வேண்டும். தண்ணீர் வற்றிச் சூடேறிய வார்ப்பிரும்பு பாய்லரில் குளிர்ந்த நீரை ஊற்றுவது அந்த விரிசலை வரவழைக்கும் நேர்வழி. முழுதும் ஆறும்வரை காத்திருங்கள். இரும்பு நன்றாக இருந்து சின்னப் பாகங்கள் மட்டும் போயிருந்தால் அவசரம் இல்லை.

கண்டென்சிங் வகை புகையில் இருக்கும் நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறது. திரும்பும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80 டிகிரியில் ஓட்டினால் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சிறப்பின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போகிறது. பழைய பாய்லருக்கு விதி இதற்கு நேர்மாறு: திரும்பும் நீர் 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அமிலம் கலந்த ஈரம் உள்ளே படிந்து இரும்பை அரிக்கும். புது பாய்லருக்குச் சொல்லப்படும் "வெப்பநிலையைக் குறைத்து வையுங்கள்" என்ற அறிவுரையைப் பழையதில் அப்படியே பின்பற்றுவது சேமிப்பல்ல, சேதம்.

அளவும் முக்கியம். சன்னல் மாற்றி, கூரைக்கு வெப்பக்காப்புப் போட்ட வீட்டில் பழைய பாய்லர் தேவையைவிடப் பெரியதாகவே இருக்கும். ஆண்டின் மிகக் குளிரான நாளில் ஒரு மணி நேரத்தில் பர்னர் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்து வையுங்கள். 30 நிமிடம் என்றால் பாதித் திறனே போதும். பழைய பெயர்ப்பலகையைப் பார்த்து அதே அளவு வாங்குவது, ஓயாமல் எரிந்து அணையும் பாய்லரை வாங்குவதாகும்.

செலவுப் பட்டியலில் சேராமல் பின்னால் வந்து முளைப்பவை: பழைய செங்கல் புகைபோக்கிக்குப் பொருந்தாததால் போட வேண்டிய தனிப் புகைக்குழாய், அமிலத்தன்மையுள்ள கழிவுநீருக்கு வடிகால், அந்த வடிகால் வெளிச்சுவரில் ஓடினால் உறைந்து பாய்லரை நிறுத்தாதிருக்க அகலமான குழாயும் உறையும். இவற்றையும் எழுதித் தந்த மதிப்பீட்டைத்தான் பழுதுபார்ப்புச் செலவோடு ஒப்பிட வேண்டும்.

புது பாய்லரின் பரிமாற்றி வழிகள் பழைய வார்ப்பிரும்பின் அகன்ற வாய்களைப் போல மன்னிக்காது. பழைய குழாய்களைக் கழுவி, வடிகட்டி வைத்து, தடுப்புத் திரவம் ஊற்றிய பிறகே அதை இணைக்கச் சொல்லுங்கள். அதன்பின் ரேடியேட்டரைக் கழற்றவோ வர்ணம் பூசவோ எப்போது நீரை வடித்தாலும் வடித்த அளவுக்குத் திரவத்தை மறுபடி சேர்க்க வேண்டும்; வடிகட்டியை முதல் மாதத்திலேயே ஒருமுறை திறந்து, காந்தத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பைத் துடைத்துவிட வேண்டும்.