சாயமா, ஸ்கேனா? விழித்திரையைப் பார்க்கும் இரண்டு வழிகள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது விலைப் பலகையில் இருந்த எண்கள் நெளிந்து தெரிந்ததாக அத்தை சொன்னார். அவருக்கு இருபது வருட நீரிழிவு என்பதால் உடனே கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஒளியைக் கொண்டு விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் முடிந்ததும், "சாயம் செலுத்தியும் ஒரு படம் எடுக்கணும்" என்றார் மருத்துவர். அத்தை என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, ஸ்கேன் போதாதா? ஊசி வேற எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

சாயப் படம்தான் மூத்தது. ஃப்ளூரசின் என்ற சாயத்தை மனிதக் கண்ணில் படம்பிடித்த முறை வெளியானது 1961-இல். கை நரம்பில் செலுத்தினால் சில விநாடிகளில் சாயம் கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டதும் ரத்தக் குழாய்கள் ஒளிர்கின்றன. குழாய் எங்கே கசிகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்பது நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். சிலருக்குக் குமட்டல் வரும். மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் வரலாம். அத்தைக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முகம் மஞ்சள் பூசிக் குளித்தது போல் ஆகிவிட்டது. மறுநாள் வரை சிறுநீரும் அடர்மஞ்சளாகவே போனது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வயதானவர்கள் பயப்பட மாட்டார்கள்.

ஓசிடி 1991-இல் அறிமுகமானது. தாடையைத் தாங்கியில் வைத்து உள்ளே தெரியும் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், சில விநாடிகளில் முடிந்துவிடும். திரும்பி வரும் ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கு அடுக்காக, கேக்கை வெட்டிப் பார்ப்பது போலக் காட்டுகிறது. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மாற்றம்கூடத் தெரியும்.

ஆனாலும் ஓசிடியை அன்றாடப் பரிசோதனையாக்கியது கருவியின் திறமை மட்டுமல்ல, கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும்தான் என்பது என் எண்ணம். 2006 வாக்கில் அவை பரவத் தொடங்கியதும், விழித்திரையில் தேங்கிய நீர் வற்றியதா, அடுத்த ஊசி எப்போது என்று மாதா மாதம் பார்க்க வேண்டியதாயிற்று. மாதா மாதம் சாயம் ஏற்றிக்கொண்டிருக்க முடியுமா?

அப்புறம் ஓசிடி ஆஞ்சியோகிராஃபி வந்தது. ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்து, ரத்த ஓட்டத்தால் மாறும் புள்ளிகளை வைத்தே குழாய்களை வரைந்துவிடுகிறது. சாயம் வேண்டாம். ஆனால் குழாய் கசிவதை அது காட்டாது. பார்வை அலைந்தால் படம் கெட்டுவிடும். பல கருவிகளில் நடுப்பகுதிதான் கிடைக்கும், ஓரம் கிடைக்காது. நீரிழிவு அடைப்போ ஓரங்களில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். அத்தைக்குச் சாயம் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு நோயையும் சொல்லியாக வேண்டும். விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும் பாலிபாய்டல் நோய் ஆசியர்களிடம் அதிகம். அதை உறுதிசெய்ய இண்டோசயனின் பச்சைச் சாயம்தான் நெடுநாளாக அளவுகோல். 2021-இல் சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்தினரும் பங்குகொண்ட ஆசிய பசிபிக் நிபுணர் குழு, ஓசிடி அடையாளங்களை வைத்தே இந்நோயைக் கண்டறியும் விதிமுறைகளை வெளியிட்டது. சாய வசதி இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி. ஊசிக்குப் பலன் இல்லாவிட்டாலோ, லேசர் சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தாலோ, நான் பச்சைச் சாயத்தையே கேட்பேன்.

நீரிழிவு இருந்தும் பார்வையில் குறை தெரியாதவர்களுக்கு இந்த இரண்டுமே முதல் படி அல்ல. பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் சாதாரண விழித்திரைப் புகைப்படம் போதும். 2010-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்தப் படங்கள், நோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வாசிப்பு மையத்துக்குப் போகின்றன. அவற்றை அலச செலீனா பிளஸ் என்ற செயற்கை நுண்ணறிவு முறையையும் இங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள். நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம். அந்த வருடாந்தரப் படத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. அத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தார்.

அவருடைய ஓசிடியில் மையத்தில் வீக்கம் இருந்தது. சாயப் படத்தில் வலது கண்ணின் ஓரத்தில் ரத்தம் எட்டாத பகுதிகள் இருட்டாகத் தெரிந்தன. வீக்கத்துக்கு ஊசி, ஓரத்துக்கு லேசர் என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் ஓசிடி மட்டும்தான், சாயம் இல்லை.