செங்காந்தள் விதை பாக்கெட்: விதை அருமை, குறிப்புத் தாள் பாதியில் நிற்கிறது

தபாலில் வரவழைத்த செங்காந்தள் விதைகளுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று விதைக்காக அல்ல, கூட வந்த குறிப்புத் தாளுக்காக.

விதைகள் தரமானவை. மேலே இருக்கும் சிவப்புச் சதையை நீக்கி, நன்றாகக் காயவைத்து அனுப்பியிருந்தார்கள். பூஞ்சை எதுவும் இல்லை. காந்தள் அவசரத்துக்கு முளைக்கிற செடி இல்லை. வாரக்கணக்கில் ஆகும், சில விதைகள் மாதக்கணக்கில் இழுக்கும். ஒரே தொட்டியில் போட்டவை கூட ஒன்றாக எழுந்து வராது. அப்படியும் பாதிக்கு மேல் முளைத்தன.

"முளைத்த பின் மண் காயாமல் தண்ணீர் விடவும்" என்பதோடு அந்தத் தாள் முடிந்துவிடுகிறது. செடியின் கதை அங்கேதான் ஆரம்பம்! சில மாதங்களில் நாற்று மஞ்சளாகி, காய்ந்து, மண்ணோடு மண்ணாகப் போய்விடும். விவரம் தெரியாதவர் என்ன செய்வார்? இன்னும் தண்ணீர் ஊற்றுவார், கிழங்கு அழுகிவிடும். இல்லையென்றால் செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுவார்.

அது சாகவில்லை, உறக்கத்துக்குப் போகிறது. முதல் பருவத்தில் நாற்றின் முக்கிய வேலையே மண்ணுக்குள் ஒரு குட்டிக் கிழங்கைச் சேர்த்து வைப்பதுதான். இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, மழை படாத இடத்தில் தொட்டியை அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்த பருவத்தில் அந்தக் கிழங்கு துளிர்க்கும், தன் சத்தையெல்லாம் கொடுத்துச் சுருங்கும், அதனிடத்தில் இன்னும் பெரிய கிழங்கு உருவாகும். இப்படி மூன்று நான்கு சுற்று போனால்தான் பூ.

தோண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். வளர்ந்த கிழங்கு கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். துளிர் வருவது அந்த நுனிகளிலிருந்துதான். நுனி ஒடிந்தால் அந்தத் துண்டு பெரும்பாலும் துளிர்க்காது.

ஒன்றை மனதாரப் பாராட்டுகிறேன்: விஷ எச்சரிக்கையைத் தாளின் முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். செடி முழுக்கக் கொல்கிசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். உண்ணும் கிழங்கு என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

வாங்குகிறவர்கள் ஆழமான தொட்டி எடுங்கள், இலை காய்ந்த மாதத்தைத் தொட்டி மேலேயே எழுதி வையுங்கள். விற்பவர்கள் அந்தத் தாளில் உறக்கத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் போட்டுவிடுவேன்.