முதல் மரக்கப்பல் கட்டப் போகிறவர்களுக்கு மாடல் ஷிப்வேஸின் மூன்று படகுகள்

மரத்தில் சின்ன மாதிரிப் பாய்க்கப்பல் கட்ட ஆசை வந்தவர்கள் முதலில் கண் வைப்பது பெரும்பாலும் விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மேல்தான். 1765-ல் தண்ணீரில் இறங்கிய கப்பல், 1805-ல் டிரஃபால்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் நின்ற கப்பல், 104 பீரங்கி, மூன்று பாய்மரம். பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும். ஆனால் பீரங்கி என்றால் வண்டி செய்வது, சக்கரம் மாட்டுவது, கறுப்படிப்பது எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கீழ்த்தட்டுகளுக்குக் குழல் முனை மட்டும் வெளியே நீட்டினால் போதும் என்று சில கிட்டில், அதாவது துண்டுகளாகப் பெட்டியில் வரும் மாதிரியில், விட்டுவிடுவார்கள். அப்படியும் மிச்சம் ஏராளம். அப்புறம் பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளில் ஆள் ஏறிப்போவதற்கான குறுக்குக் கயிறுகள், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. புதிதாகக் கட்டுகிறவர்களில் பலர் அந்த இடம் வரை போவதே இல்லை. உடலுக்குப் பலகை ஒட்டும் கட்டத்திலேயே பெட்டியை மூடி அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

அதனால் முதல் கிட் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது மாடல் ஷிப்வேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஷிப்ரைட் வரிசையைத்தான். டேவிட் ஆன்ட்ஷெர்ல் வடிவமைத்த மூன்று சின்னப் படகுகள்: லோவல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி, நார்வே நாட்டுப் பாய்ப் பிராம், மஸ்காங்கஸ் பே லாப்ஸ்டர் ஸ்மாக். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கடினம். இதே வரிசையில் கட்ட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டவை. மூன்றையும் கட்டி முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் தையல். இந்தக் கிட்டுகள் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். படகின் உடல் எந்தப் பக்கமும் நேராக இல்லை. நடுவில் அகலம், முனையில் குறுகல், மேலே விரிந்து கீழே ஒடுங்கும். அதன் மேல் தட்டையான பலகையைச் சுருக்கமில்லாமல் படுத்த வேண்டும். ரவிக்கைக் கை வெட்டும்போது துணியில் விழும் கோடு கோணலாகத்தான் இருக்கும். தோளில் பொருத்திய பிறகுதான் அது நேராக விழும். பலகையும் அப்படியே. மேசை மேல் வைத்தால் வாழைப்பழமாக வளைந்து கிடக்கிற துண்டு, சட்டத்தில் ஏறினதும் ஒரே சீரான கோடாகப் போகிறது. நேரான பட்டையை எடுத்துப் பக்கவாட்டில் இழுத்து வளைத்து ஒட்டினால் அது விளிம்பில் தூக்கிக்கொள்ளும். டோரி கிட்டில் பலகைகளைச் சரியான வடிவத்தில் லேசரால் வெட்டியே கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் பலகை எந்த வடிவத்தில் இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் கையில் வைத்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

டோரி ஒரு துடுப்புப் படகு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் கடல் பகுதியில் காட் மீன் பிடிக்கப் போன பாய்க்கப்பல்கள் இவற்றைத் தளத்தில் அடுக்கிக்கொண்டு போகும். குறுக்கே உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மீன்பிடி இடம் வந்ததும் ஆளோடு ஒவ்வொன்றாக இறக்குவார்கள். கிட்டின் பெயரில் இருக்கிற லோவல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் எய்ம்ஸ்பரியில் 1793 முதல் படகு கட்டிவரும் பட்டறையின் பெயர். தட்டையான அடி, சாய்ந்து விரியும் பக்கங்கள், பின்பக்கம் குறுகலான ஒற்றைப் பலகை. 1:24 அளவில், அதாவது நிஜப் படகில் 24-ல் ஒரு பங்காக, முடிந்த படகு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். மரம் பாஸ்வுட். வெளிர் நிறம், மிருதுவானது, கத்தி சொன்னபடி கேட்கும். தண்ணீரில் சற்று ஊறவைத்து ஹேர் டிரையரில் சூடு காட்டினால் முறியாமல் வளைகிறது.

இரண்டு விஷயங்களில் நிதானம் வேண்டும். முதலாவது லேசர் கருகல். வெட்டிய விளிம்பு எல்லாம் பழுப்பாகக் கருகியிருக்கும். பசை ஏறும் விளிம்பிலும் வெளியே தெரியும் விளிம்பிலும் 220-ம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அதை எடுக்க வேண்டும். மரத்தின் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பலகையின் வடிவமே மாறிவிடும், அடுத்த பலகை அதன் மேல் சரியாக உட்காராது. லேசரால் வெட்டிய மரத்தகட்டிலிருந்து துண்டை எடுக்கும்போதும் கையால் பிய்க்காமல் இணைப்பைக் கத்தியால் அறுத்து எடுங்கள்.

இரண்டாவதுதான் இந்தப் படகின் உயிர்: சாய்வு சீவுவது. டோரியில் ஒரு பலகையின் கீழ் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி உட்காரும். இரண்டும் ஒரே தளத்தில் இல்லை, நடுவில் ஒரு கோணம் இருக்கிறது. எவ்வளவு அகலம் ஏறப்போகிறதோ அந்த அகலத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டிலிருந்து விளிம்பு வரை சரிவாகத் தேய்க்க வேண்டும். இந்தச் சரிவு நெடுக ஒரே மாதிரி இருக்காது. படகின் நடுவில் ஒரு கோணம், முனைக்குப் போகப்போக வேறு கோணம். உப்புத்தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் ஒட்டி, நாலு தடவை இழுத்து, பலகையை வைத்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடைவெளி எங்கே என்று தெரிந்துவிடும். மறுபடி இழுக்க வேண்டும். அவசரமில்லாதவர்களுக்கு ரொம்ப இன்பமான வேலை இது. இரண்டு மரமும் முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்போது கிடைக்கிற திருப்தி இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலைக்கு வரலாம்.

விளக்கப் புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படிப்படியாகப் படம் இருக்கிறது. எதற்காக இப்படிச் செய்கிறோம் என்பதும் இருக்கிறது. இதன் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். இதற்கு முன் வேறொரு கம்பெனியின் மூன்று பாய்மரக் கப்பல் வாங்கியிருந்தேன். அதில் முழு உடலுக்கும் பலகை ஒட்டுவதைப் பற்றி இரண்டே வரி. படத்தில் உள்ள எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை. நடு முதுகுப் பலகை பெட்டியைத் திறக்கும்போதே முறுக்கியிருந்தது. பீரங்கிகளின் பளபளப்பில் மட்டும் குறை வைக்கவில்லை. கிட் வாங்குகிறவர்கள் விளக்கப் புத்தகத்தை முன்கூட்டிப் படிக்கக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பலகை வேலைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

பிராம் டோரியின் தொடர்ச்சிதான். முன்பக்கமும் கூர் இல்லாமல் பலகையாலேயே மூடிய படகு. உருண்ட உடல் என்பதால் பலகைகளை முறுக்கிப் படுத்த வேண்டியிருக்கிறது. சாய்வு சீவுவதில் கை பழகியிருந்தால் சிரமமில்லை, டோரியைக் கட்டாமல் நேராக இதற்கு வருகிறவர்கள் திணறுவார்கள்.

ஸ்மாக் வேறு வகை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் லாப்ஸ்டர் (சிங்கி இறால்) பிடிக்கும் படகு. இங்கே குறுக்குத் தடுப்புச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்ட வேண்டும். பெரிய கப்பல்களின் உடலைக் கட்டுகிற முறை இது. ஒற்றைப் பாய்மரமும் கயிறுகளும் இதில் வந்துவிடுவதால், பெரிய கப்பலில் செய்யப் போவது எல்லாம் சின்ன அளவில் ஒரு தடவை கையில் பட்டுவிடுகிறது. பாய்க்கு ஒரு குறிப்பு, இது தையல்காரியாகச் சொல்வது: மெஷினில் தைக்காதீர்கள். 1:24 அளவில் இரண்டு மில்லிமீட்டர் தையல் என்பது நிஜப் பாயில் ஐந்து சென்டிமீட்டர் தையல், கண்ணை உறுத்தும். துணியின் இணைப்புகளைக் கூர்மையான பென்சிலால் கோடாகப் போட்டால் போதும், அதுதான் நிஜமாகத் தெரிகிறது.

பழகினவர்கள் சிலர் வேறு யோசனை சொல்வார்கள்: இரட்டைப் பலகை போடும் கிட்டில் தொடங்கு, முதல் அடுக்கில் வரும் குறைகளை இரண்டாவது அடுக்கு மறைத்துவிடும் என்று. அது உண்மைதான். ஆனால் முதல் அடுக்கை மறைத்துவிடலாம் என்று தெரிந்தால் கை சோம்பிவிடுகிறது. மேடு பள்ளம் இருந்தால் மெல்லிய இரண்டாவது அடுக்கு அதை அப்படியே மேலே கொண்டுவந்துவிடும். ஒற்றைப் பலகையில் பழகிவிட்டு இரட்டைக்குப் போவதுதான் என் விருப்பம்.

சாமான் அதிகம் வேண்டாம். 11-ம் எண் பிளேடு போட்ட கத்தி, இரும்பு ஸ்கேல், இரண்டு மூன்று வகை உப்புத்தாள், நுனி கூரான இடுக்கி, மரப் பசை, துணி கிளிப்புகள். சூப்பர் க்ளூவைப் பலகைக்குப் போடாதீர்கள், நகர்த்திச் சரிசெய்ய நேரமே தராது. மரத்தில் படிந்த இடத்தில் சாயமும் ஏறாது. பலகை வளைக்கும் மின்கருவிக்கு இந்த மூன்று படகிலும் வேலை இல்லை.

மூன்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் விற்கிறார்கள். ஆனால் முதலில் டோரி மட்டும் வாங்குங்கள். சாய்வு சீவும் வேலை பிடித்திருந்தால் மற்ற இரண்டையும் வாங்கலாம், பிடிக்கவில்லை என்றால் பெரிய கப்பலும் பிடிக்காது. ஸ்மாக் முடித்தவர்களுக்கு அடுத்ததாக அமாட்டி என்ற கம்பெனியின் லேடி நெல்சன், 1:64 அளவில் கட்டர் என்ற ஒற்றைப் பாய்மரச் சின்னக் கப்பல், இரட்டைப் பலகை. பீரங்கி உண்டு, எண்ணிக்கை கைக்கு அடங்கும். இப்போது என் மேசையில் இருப்பது அதுதான். முதல் அடுக்கு முடிந்து தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.